ஊசி போடாத டாக்டர்

1

தை மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்திருந்தேன். பந்தியில் உட்காரும் முன்பே சண்முகம் அண்ணன் பிடித்துக்கொண்டார். நம் ஊர் வாசகசாலையை இப்போது நடத்துகிறவர் அவர்தான்.

"ஏளா பேச்சி, ஒம் மவ டாக்டராமே. எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்லண்ணே. அவ ஊசி போடுத டாக்டர் இல்ல."

"பெறவு? மாட்டு டாக்டரா?"

"அதும் இல்ல."

இலை போட்டுக்கொண்டிருந்த என் மதினி அங்கேயிருந்து சொன்னாள்: "தவளை டாக்டர் அண்ணாச்சி. தவளைக்கு நாடி புடிச்சுப் பாப்பாளாம்."

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அண்ணன் விடவில்லை.

"என்னதாம்ளா வேல பாக்கா? ஒரு வார்த்தையில சொல்லேன்."

ஒரு வார்த்தையில் எனக்குச் சொல்ல வரவில்லை. சாம்பார் வந்துவிட்டது.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "சொல்லத் தெரியலன்னா எழுதிக் குடு. வாசகசாலை ஆண்டு மலர்ல போடுதேன்."

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கொச்சிக்கு வந்த பிறகு வாரப் பத்திரிகை வாசித்ததோடு சரி. எழுதிப் பழக்கமில்லை. வழி தவறாமல் இருக்க நம்பர் போட்டு எழுதுகிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்தோம். மழை இல்லை, பருத்தி இல்லை, வேலை இல்லை. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் மட்டாஞ்சேரி அரிசிக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவர் வரச் சொன்னார். இவர் "போறோம்" என்றார். வந்தோம். அப்போது கோமதி ஆரம்பப் பள்ளியை முடித்திருந்தாள். ஒரே பிள்ளை.

வந்து இறங்கிய அன்று மழை. ஒரு வாரம் விடவில்லை. ஊரில் மழைக்கு ஏங்குவோம். இங்கே துணி காய ஏங்கினேன்.

கிட்டங்கிக்குப் பின்னால் லைன் வீடு. ஒரு பக்கம் மிளகாய் நெடி, ஒரு பக்கம் சுக்கு வாசனை, நடுவில் காயல் காற்று. எங்கள் வரிசையில் கொங்கணி பேசுகிறவர்கள், குஜராத்தி பேசுகிறவர்கள், மாப்பிள்ளைமார் என்கிற முஸ்லிம்கள், லத்தீன் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்களைப் 'பாண்டி' என்பார்கள். கோபத்திலும் சொல்வார்கள், பாசத்திலும் சொல்வார்கள். எது எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வருடம் ஆனது.

கோமதிக்கு அந்த ஒரு வருடத்தில் மலையாளம் வந்துவிட்டது. அதற்கடுத்த வருடம் தமிழ் எழுத்து மறக்க ஆரம்பித்தது. வீட்டில் உட்கார்த்தி வைத்து எழுதச் சொல்வேன். எழுதுவாள். பிறகு பள்ளிப் பாடம் கூடியது. நானும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். அது அப்படியே விட்டுப்போயிற்று. இன்று அவள் தமிழ் பேசுவாள். வாசிக்க வராது.

3

பள்ளியில் கோமதி நன்றாகத் தேறினாள். கல்லூரிக்கு மனுப் போட, எந்த ஊர்க்காரி என்று சான்று கேட்டார்கள்.

இங்கே வில்லேஜ் ஆபீஸில், "நீங்கள் தமிழ்நாடு, அங்கே போய் வாங்குங்கள்" என்றார்கள். ரயிலேறி வந்தேன். நம் தாலுகா ஆபீஸில், "குடும்பத்தோடு கொச்சிக்குப் போய்விட்டீர்கள், அங்கே வாங்குங்கள்" என்றார்கள். திரும்பிப் போனேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அது ஒன்றுதான் கிடைத்தது.

கோமதி கேட்டாள்: "அப்போ நான் எந்த ஊராக்கும் அம்மா?"

"படிக்கிற ஊரு" என்றேன்.

கடைசியில் அவளுடைய பள்ளித் தலைமையாசிரியை, ஒரு கன்னியாஸ்திரி, என்னோடு வில்லேஜ் ஆபீஸுக்கு வந்தார். குடையை மடக்கினார். ஆபீசர் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்து வரும்வரை எழுந்திருக்கவில்லை. சத்தமும் போடவில்லை. கோமதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பெண்ணின் காரியங்களில் அந்த அம்மையின் சாயல் கொஞ்சம் உண்டு என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

4

என் வேலையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் வேலை புரியாது.

கொச்சியிலிருந்து அப்போது தவளைக்கால் கப்பலேறிக்கொண்டிருந்தது. வெளிநாட்டில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். மழைக்காலத்தில் வயல்களில் பிடித்து, சாக்கில் கட்டி, உயிரோடு எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவருவார்கள். பெண்கள்தான் வேலையாட்கள். இடுப்புக்குக் கீழே வெட்டி, தோலுரித்து, கழுவி, தரம் பிரித்து, ஐஸுக்கு அனுப்ப வேண்டும். தவளை இல்லாத மாதங்களில் செம்மீன் உரிப்போம். செம்மீன் என்பது நாம் இறால் என்கிறோமே, அது.

வெட்டும் முன் தவளையை உப்புத்தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மயங்கிவிடும். அதற்குப் பிறகுதான் கத்தி. இது சட்டம் என்று சொன்னார்கள். ஷெட்டில் தொட்டி இருந்தது. தண்ணீர் இருக்காது. மயங்கும்வரை காத்திருந்தால் சரக்கு நகராது. அதனால் தொட்டியில் காலிச் சாக்குகளைப் போட்டு வைப்போம். பரிசோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் சாக்கை எடுத்துவிட்டுத் தொட்டியை நிறைப்போம். அவர்கள் போனதும் தண்ணீரைத் திறந்துவிடுவோம். எல்லா ஷெட்டும் இப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஷெட் இப்படித்தான்.

ராத்திரிச் சோற்றுக்கு உட்காரும்போது இதையெல்லாம் சொல்வேன். மற்றவர்கள் வீட்டில் வேறு கதை இருக்கும். எங்கள் வீட்டில் ஷெட் கதை.

பள்ளியில் படிக்கும்போதே ஒரு நாள் கோமதி கேட்டாள்.

"வெட்டின பெறவும் துடிக்குமா அம்மா?"

"துடிக்கும்."

"அதுக்கு வலிக்குமா?"

"தெரியல. சோத்தத் தின்னு."

மறுநாள் அதைப் பள்ளியில் டீச்சரிடம் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்றேன்.

"பரீட்சைக்கு வராதுன்னு சொன்னாங்க."

5

கல்லூரி எறணாகுளத்தில். தினமும் படகில் போய் வருவாள். விலங்கியல் எடுத்தாள். அங்கே போனால் அங்கேயும் தவளை. மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, அறுத்து, உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டுமாம்.

முதல் நாள் அறுத்துவிட்டு வந்தவள் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, எங்க காலேஜ்ல மருந்து வச்சு மயக்கிட்டுத்தான் தவளைய அறுக்கணும். மயங்கலைன்னா சார் கத்தியத் தொட சம்மதிக்க மாட்டார்."

"நல்லதுதானே."

"படிக்கிறதுக்கான தவளைக்கு மயக்கம். விக்கிறதுக்கான தவளைக்கு இல்ல. ரெண்டும் ஒரே வயல்ல புடிச்சது. எந்தா அம்மா அது?"

செருப்பைக் கழற்றச் சொன்னேன்.

மறுநாள் கத்தி பிடிக்கும்போது அந்தக் கேள்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கை நிற்கவில்லை. நின்றால் சூப்பர்வைசர் வர்கீஸ் சேட்டன் வருவார். ஆனால் அன்று முதல் அது தினமும் வேலைக்கு வந்தது. லீவே போடாது.

மேலே படித்தாள். பிறகு ஆராய்ச்சி. வயலில் தவளை என்ன தின்கிறது, தவளையைப் பிடித்துக்கொண்டு போன வயலில் பூச்சி என்ன ஆகிறது என்று பார்க்கிற வேலை. குட்டநாட்டு வயல்களில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பாள். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் பாவாடை ஓரமெல்லாம் சேறு.

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "வயக்காடு வேண்டாம்னுதான் ஊர விட்டு ஓடியாந்தோம். இவ பாரு, இத்தன படிப்பு படிச்சிட்டு மறுபடி வயல்ல எறங்குதா."

"அப்பா, எனக்கு இதுக்கு ஸ்காலர்ஷிப் தராங்க."

"வயல்ல நிக்கதுக்கா?"

"ஆமா."

"அப்ப எங்கப்பனுக்கு எவ்வளவோ பாக்கி வரணுமே" என்றார். மூன்று பேரும் சிரித்தோம்.

டாக்டர் பட்டம் வாங்கிய அன்று இவர் கிட்டங்கியில் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். மூட்டை தூக்குகிறவர்கள் இவரை ஒரு மாதம் "டாக்டரின்றெ அச்சன்" என்று, டாக்டரின் அப்பா என்று, கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்ப்பார். வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகத் திரும்புவார், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

6

இந்த இடத்தில் எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். காரணம் கடைசியில் இருக்கிறது.

7

கோமதி ஒரு கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தாள். எண்பதுகளின் நடுவில் என்று வையுங்கள். தவளை குறைகிறது, வயலில் பூச்சி கூடுகிறது, வெட்டுகிற விதமும் சரியில்லை என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. ஷெட்டுகளைப் பார்த்து யோசனை சொல்ல அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. ஆபீசர்கள், ஏற்றுமதிக்காரர் ஒருவர், பேராசிரியர் ஒருவர். வயலில் தவளையைப் பார்த்த ஆள் ஒன்று வேண்டும் என்று கோமதியையும் சேர்த்தார்கள். கமிட்டியில் அவள்தான் வயதில் சின்னவள்.

செய்தி ஷெட்டுக்கு எனக்கு முன்னால் வந்துவிட்டது. என் பக்கத்துப் பலகையில் உட்காரும் மேரிச் சேச்சி கத்தியை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பேச்சீ, இனி நமுக்குப் பேடி வேண்டா! கமிட்டியில் நம்முடெ மோளுண்டு!"

இனி பயமில்லை, நம் மகள் அங்கே இருக்கிறாள் என்கிறாள். ஷெட் முழுக்க அதே பேச்சு. வர்கீஸ் சேட்டன் அன்று எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார். எனக்கு இரண்டு பழம்பொரி. பேச்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் தட்டுவாளா என்று நம்பினார்கள். நாங்கள் அப்படித்தான் நம்புவோம். ஆபீஸில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் நடந்துவிடும் என்று.

நான் பழம்பொரியைத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோமதி வந்தாள். நான் அடுக்களையில் கப்பைக்கிழங்கு, நம் மரவள்ளிதான், நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசல்படியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு."

"உப்புத்தொட்டி காலியாத்தான் கிடக்கும்னு நீ எத்தனையோ வட்டம் சொல்லிருக்கே. சோறு திங்கும்போ. எனக்கு அது அறியும். ஆனா நீ கமிட்டிக்குச் சொன்னதில்ல அது. வீட்ல அம்மா மகள்ட்ட சொன்னது. அதை நான் அங்க எடுத்துப் பேசலாமா? நீ வேண்டாம்னா பேச மாட்டேன். கமிட்டிலேர்ந்தும் விலகிக்குவேன்."

இவர் அங்கேயிருந்தே சத்தம் போட்டார். "இதென்ன கேள்வி? ஷெட்ட மூடிட்டாம்னா ஒங்கம்மா வேல போவும்லா?"

"அதான் அப்பா கேக்குறேன். போறது அம்மையோட வேலைதானே."

நான் கிழங்கை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஒன்று சொல்கிறேன். என்னிடம் அதுவரை யாரும் எதையும் 'செய்யலாமா' என்று கேட்டதில்லை. பள்ளியை நிறுத்தும்போது கேட்கவில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை. கொச்சிக்கு வரும்போது கேட்கவில்லை. ஷெட்டில் இன்று தவளை, நாளை செம்மீன் என்று மாற்றும்போது கேட்கவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. கேட்கிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். டாக்டர் பட்டம் வாங்கிய பெண், அரசாங்கக் கமிட்டியில் இருக்கிற பெண், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். நான் சொன்னது எனக்குச் சொந்தம் என்கிறாள்.

கிழங்கைக் கழுவி அடுப்பில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். உப்புப் போட்டேன். பிறகு சொன்னேன்.

"நீ சொல்லாத. ஒனக்கு அது கேட்டது. எனக்குப் பாத்தது. அவுக என்கிட்ட கேக்கட்டும். கேட்டா நான் சொல்லுதேன்."

"மேரிச் சேச்சி, மத்தவங்க எல்லாம்?"

"அவுக மொகத்த நான் பாத்துக்கிடுதேன். நீ ஒன் வேலயப் பாரு."

அவள் சரி என்று தலையாட்டினாள். இவர் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். கப்பை வெந்தது. மூன்று பேரும் மிளகாய்த் துவையல் தொட்டுத் தின்றோம்.

8

கமிட்டி வருவதற்கு முந்தின நாள் வர்கீஸ் சேட்டன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பேச்சி நாளெ வரண்டா. கூலி தராம்."

"ஏன் சேட்டா?"

"அம்மையும் மோளும் ஒருமிச்சு நின்னா கமிட்டிக்காருக்கு ஒரு சம்சயம் வரும்."

நாளைக்கு வர வேண்டாம், கூலி தருகிறேன் என்கிறார்; தாயும் மகளும் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் வருமாம். "வேல செஞ்சு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனேன். தொட்டியில் சாக்கு இல்லை. தண்ணீர் விளிம்புவரை நின்றது. சுவரில் புதுச் சுண்ணாம்பு. எங்களுக்குப் புது ஏப்ரன். மேரிச் சேச்சி அதைத் தடவிப் பார்த்து, "கல்யாணப் பெண்ணு போலெ இருக்குந்நு" என்றாள்.

கமிட்டி வந்தது. முன்னால் தலைவர், வயதான ஆபீசர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. கடைசியில் கோமதி, மூக்கைப் பொத்தாமல். அந்த வாடை அவளுக்கு வீட்டு வாடை.

எனக்கு ஒரு பயம் இருந்தது. வேலை போவதைப் பற்றி இல்லை. அதைத்தான் முடிவு செய்தாயிற்றே. இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில், கோட்டுப் போட்டவர்கள் நடுவில், ரத்தக் கையோடு பலகையில் உட்கார்ந்திருக்கிற என்னை அவள் எப்படிப் பார்ப்பாள் என்று பயம். பார்க்காமல் கடந்து போகலாம். போனால் தப்பு என்றும் சொல்ல முடியாது. எல்லோருக்கும் அதுதான் வசதி.

வர்கீஸ் சேட்டன் தொட்டியைக் காட்டினார். தவளையைப் போடுவது, மயங்குவது, எடுத்து வெட்டுவது எல்லாம் காட்டினார்.

"தினமும் இப்படித்தானா?" என்று தலைவர் கேட்டார்.

"எல்லா திவசமும் சார்."

அப்போது கோமதி முன்னால் வந்தாள். முதலில் இங்கிலீஷில் தலைவரிடம் சொன்னாள். பிறகு எங்களுக்கும் புரியட்டும் என்று அதையே மலையாளத்தில் சொன்னாள். நான் தமிழில் தருகிறேன்.

"சார், மேலே போகும் முன் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பலகையில் இருக்கும் பேச்சியம்மாள் என் அம்மா. இங்கே பல வருடமாக வேலை செய்கிறார். இந்த ஷெட் இருப்பதும் மூடுவதும் என் வீட்டைப் பாதிக்கும். இதைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இங்கே இருக்கக் கூடாது என்றால் வெளியே போகிறேன். இருக்கலாம் என்றாலும் இவரிடம் கேள்வி நான் கேட்க மாட்டேன். நீங்கள் கேளுங்கள்."

ஷெட்டில் கத்திச் சத்தம் நின்றுவிட்டது. ஏற்றுமதிக்காரர் கூரையைப் பார்த்தார். தலைவர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்திருப்பார்.

"நீங்கள் இருங்கள்" என்று அவளிடம் சொன்னார். கூட வந்தவர் குறித்துக்கொண்டார். பிறகு தலைவர் என் பக்கம் குனிந்து மலையாளத்தில் கேட்டார். "அம்மா, இந்தத் தொட்டியில் தினமும் தண்ணீர் உண்டா?"

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

"இன்னு மாத்ரம், சார்."

இன்றைக்கு மட்டும் என்று அர்த்தம். என் மலையாளத்தை எல்லோரும் கேலி செய்வார்கள். அன்று யாருக்கும் அது புரியாமல் போகவில்லை.

9

மறு வாரம் எனக்கு வேலை இல்லை என்றார்கள். எதிர்பார்த்ததுதான். கொச்சங்காடியில் ஒரு கிட்டங்கியில் சுக்குப் புடைக்கப் போனேன். கண் எரியும். மற்றபடி நல்ல வேலை.

கமிட்டிக்குள் நடந்ததைக் கோமதி அப்போது சொல்லவில்லை. வெளியே சொல்லக்கூடாதாம். எல்லாம் முடிந்த பிறகு ஒன்று மட்டும் சொன்னாள். தவளையைப் பற்றி எழுதி முடித்ததும், ஷெட்டில் உள்ள பெண்களுக்கு மாற்று வேலை வேண்டும் என்று இவள் கேட்டிருக்கிறாள். தலைவர், "இது தவளைக் கமிட்டி, பெண்கள் கமிட்டி இல்லை" என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கத்தி அவங்க கையிலதானே சார்னு சொன்னேன்."

கடைசியில் அறிக்கையில் அதற்கும் இடம் கிடைத்தது. இரண்டு வரி.

பிறகு தவளைக்கால் ஏற்றுமதியே நின்றது. நாடு முழுக்க நின்றது. இவள் கமிட்டி சொன்னதால் மட்டும் இல்லை. அப்படி யாராவது புகழ்ந்தால் கோமதியே மறுப்பாள். பல பேர் பல இடத்தில் சொன்னது. அதில் இவள் சொன்னதும் ஒன்று.

ஷெட் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் குழாயடியில் மேரிச் சேச்சி என் குடத்தைத் தள்ளி வைத்தாள்.

"நின்றெ மோள்க்கு மாசம் சம்பளமுண்டு. எனிக்கு ஆரு தரும்?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றேன். கோமதியிடம் அதைச் சொன்னேன். அவள் தலை குனிந்து கேட்டாள். மறு வாரம் வந்து மீன்வளத் துறை ஆபீஸுக்குப் போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கன்னியாஸ்திரி மாதிரி.

அதனால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மழை முடிந்து ஷெட் திறந்தது. முழுக்கச் செம்மீன். பழைய ஆட்களையே எடுத்தார்கள். ஒரு நாள் காலையில் மேரிச் சேச்சி எங்கள் வாசலில் நின்றாள். இடுப்பில் கை.

"எழுந்நேல்க்கெடீ பேச்சீ. ஷெட்டில் செம்மீன் வந்நு. நின்றெ மோள் செம்மீனினும் கமிட்டி வைக்கும் முன்பே நமுக்கு உரிச்சு தீர்க்காம்."

உன் மகள் இறாலுக்கும் கமிட்டி வைக்கும் முன் உரித்து முடித்துவிடுவோம் வா என்கிறாள். ஏப்ரனை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். பாதி வழியில் என் டிபன் தூக்கை அவள் வாங்கிக்கொண்டாள். இன்றும் பக்கத்துப் பலகைதான்.

10

இனி அண்ணன் கேட்டதற்கு வருகிறேன்.

அந்தக் கமிட்டிக்குப் பிறகு கோமதி வெளிநாடு போய்ப் படித்து வந்தாள். இந்தத் தடவை தவளையைப் பற்றி இல்லை. உயிர்களை வைத்து மனிதர் செய்கிற காரியங்களில் எது சரி, எது தப்பு, அதற்கு அரசாங்கம் என்ன சட்டம் வைக்க வேண்டும் என்று படிக்கிற படிப்பு. அப்படி ஒரு படிப்பு இருக்கிறது. இப்போது வேறு ஊரில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். பாடமும் சொல்லிக்கொடுக்கிறாள். ஆராய்ச்சிக்காரர்கள் எலியையோ முயலையோ தொடும் முன், நோயாளிக்குப் புது மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் முன், இவள் இருக்கிற குழுவிடம் வந்து சொல்ல வேண்டும். இவர்கள் கேட்பார்கள்: இது தேவையா? வலி உண்டா? மயக்கம் உண்டா? மனிதர் என்றால், அவரிடம் கேட்டீர்களா? அவருக்குப் புரிந்ததா? வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா?

பதில் சரியில்லை என்றால் காரியம் நடக்காது. எவ்வளவு பெரிய ஆள் என்றாலும்.

அண்ணே, இதுதான் அவள் வேலை. எப்படிச் செய்வது என்று சொல்ல அங்கே ஆள் நிறைய. செய்யலாமா என்று கேட்க இவளை வைத்திருக்கிறார்கள். சம்பளம் கொடுத்து.

அந்தக் கேள்வியை அவள் முதலில் கேட்டது என்னிடம். மட்டாஞ்சேரியில், அடுக்களையில், நான் கப்பை நறுக்கும்போது. இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அவள் லீவுக்கு வந்திருந்தாள். அனுப்பும் முன் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அவளைப் பற்றியது அல்லவா.

"ஊரு மலருக்கு ஒன்னப் பத்தி எழுதிருக்கேன். போடலாமா?"

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதே. நான்தான் வாசித்தேன். அவள் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அப்பா மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சாயா வாங்கிக் கொடுத்த இடத்தில் சிரித்தாள். மேரிச் சேச்சி குடத்தைத் தள்ளிய இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாம் வாசித்து முடித்ததும் ஆறாவது இருந்த தாளுக்குக் கையை நீட்டினாள்.

"அம்மா, இது வேண்டா."

"ஏன்? நல்ல காரியந்தானே. ஊர்ல சந்தோசப்படுவாக."

"நல்லதுதான். ஆனா இது என்னோடது அம்மா."

இவர் பக்கத்தில் இருந்து, "அதுதாம்ளா இருக்கதிலேயே நல்லாருக்கு, அதப் போயா..." என்றார்.

நான் பேனாவை எடுத்து அடித்துவிட்டேன். நம்பரை மட்டும் விட்டிருக்கிறேன்.

என்ன எழுதியிருந்தாய் என்று சண்முகம் அண்ணன் கேட்பார். மதினி நிச்சயம் கேட்பாள். கேட்கட்டும். அது அவளுடையது.